மூன்றாவது மேசையில் ஒரு மொட்டு

'அந்த மொட்டைத் திறக்கப் போகிறீர்களா, இல்லை நான் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிடட்டுமா?' என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அம்மணி, நான் என்ன செய்யட்டும்? கதை என் கையில் இருக்கிறது, லில்லி என் கையில் இல்லையே. போகட்டும், இந்த வாரம் திறந்துவிடும். திறந்த பிறகு என்னைத் திட்டக் கூடாது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. நம் கதையில் மூன்று பேர். ஒருத்தி, கண்ணாடி பாட்டிலுக்குள் செடி வளர்க்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். 'எங்க தம்பி பெண்டாட்டிக்குப் பொழுது விடிஞ்சா பாட்டில்தான்' என்று அவளுடைய நாத்தனார் தெருவில் நாலு பேர் காதுபடச் சொல்லப்போக, விவரம் தெரியாதவர்கள் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து அவள் பாட்டில்காரி.

சொன்ன நாத்தனார், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை எந்நேரமும் மிதிக்கத் தயாராக இருப்பவர். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் கால் சும்மா இருப்பதில்லை, அடுத்தவர் பேச்சையும் பாதியில் மிதித்து நிறுத்திவிடுவார். ஊருக்கே அவர் பிரேக் அக்கா.

இவர்கள் இருவருக்கும் நடுவில் தம்பி, அதாவது பாட்டில்காரியின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் நின்றுவிடுவது லிஃப்டுக்கு மட்டும் வருகிற கோளாறு இல்லை என்பதை அவரைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

அக்காவிடம் ஒரு லில்லி இருந்தது. சிவப்பு இதழ், அதில் அடியிலிருந்து நுனிவரை சீறிக்கொண்டு போகிற வெள்ளைக் கோடுகள். அக்காவின் கணவருக்கு வண்டிகளுக்குக் கோடு போடுகிற தொழில். வேனோ பஸ்ஸோ, இந்த முனையில் தூரிகையை வைத்தால் அந்த முனையில்தான் எடுப்பார், நடுவில் கை நடுங்காது. அவரே இந்தப் பூவைப் பார்த்து, 'இதுக்குக் கோடு போட்டவன் என்னைவிடக் கெட்டிக்காரன்' என்பார். அவர் போய் எட்டு வருஷமாகிறது. பூ பூக்கும் மாதத்தில் மட்டும் அக்கா காலை வகுப்புகளை வைத்துக்கொள்ளவே மாட்டார். தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் செடி வருஷத்துக்கு வருஷம் இளைத்தது. ஐந்து பூ மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. இலையெல்லாம் மஞ்சள் திட்டு விழுந்து முறுக்கிக்கொண்டது. கடைசியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரே ஒரு கிழங்கு மிஞ்சியது.

"கொடுங்க அக்கா. அச்சு அசலா அதே பூவைத் திருப்பித் தரேன்" என்றாள் பாட்டில்காரி.

ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்பது இதைத்தான். அந்த ஒரு வாக்கியத்தை மூன்று வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

சரி, இனி இன்றைய கதை.

காலை ஆறரை மணி. ஆய்வகத்தின் பின்புறம் இருக்கிற பசுமைக்குடிலுக்கு அவள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். பாட்டிலுக்குள் பிறந்த செடிகளை வெளிக்காற்றுக்குப் பழக்குகிற இடம் அது. வாசலில் செருப்பைக் கழற்றி, குடிலுக்கென்று வைத்திருக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள். பூச்சி நுழையாமலிருக்க இரட்டைக் கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். சாத்தினாள், திறந்தாள். மூன்றாவது மேசை வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

பூத்திருந்தது.

ஆறு இதழும் பின்னோக்கி வளைந்து, உள்ளங்கை இரண்டைச் சேர்த்து விரித்தாலும் போதாத அகலத்தில் ஒரு பூ. சிவப்பு. அடியிலிருந்து நுனிவரை முழுச் சிவப்பு. நடுவில் கறுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்த மாதிரி அப்படி ஓர் அடர்த்தி. அவள் ஒவ்வோர் இதழாக விரலால் திருப்பி, முன்னும் பின்னும் பார்த்தாள். கோடு இல்லை. ஒன்றுகூட இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாக ஆகும். முதலில் வந்தது மலைப்பு. அக்கா வீட்டுத் தொட்டியில் முழங்காலைத் தாண்டாத செடி இங்கே அவள் மார்பளவுக்கு நின்றது. தண்டு கட்டைவிரல் பருமன். இலைகளில் ஒரு திட்டு கிடையாது, எல்லாம் எண்ணெய் தடவின பச்சை. விரிந்த பூவுக்கு மேலே இன்னும் ஆறு மொட்டு வரிசையில் காத்திருந்தது. இத்தனையும் எதிலிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அப்படியே நின்றாள்.

எதிலிருந்து வந்தது என்று நமக்கும் தெரிய வேண்டாமா?

லில்லிக் கிழங்கு செதில் செதிலாக அடுக்கியது. வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே உள்ளே போனால், எல்லாம் தீர்ந்த இடத்தில் ஒரு நுனி இருக்கும். பாதிக் கடுகுகூடத் தேறாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அந்த நுனியைப் பார்த்தாள். உள்ளே விளக்கு ஏற்றி வைத்தாற்போல் பளபளத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசிமுனைக் கத்தியால் அதை நறுக்கி எடுத்து, பாட்டிலில் சர்க்கரையும் சத்துகளும் சேர்த்து இறுகவைத்த கூழின்மேல் வைத்து மூடினாள்.

உரித்த செதில்களையும் வீணாக்கவில்லை. துண்டு போட்டுத் தனித்தனி பாட்டிலில் வைத்தாள். செதில் தாராள மனசுக்காரி. ஒரு துண்டு கிடைத்தால் போதும், அதன் அடியில் இரண்டு மூன்று குட்டிக் கிழங்கு தானாகக் கட்டிக்கொள்ளும். நான்கே மாதத்தில் செதில் பாட்டிலெல்லாம் முளைவிட்டுக் கும்மாளம் போட்டன. நுனி வைத்த பாட்டிலில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் சோதனை முடிவு வந்தது. செதில் அத்தனையிலும் வைரஸ். நுனியில் இல்லை.

பாட்டில்காரி இந்த வேலைக்கு வந்து பதினொரு வருஷம். இன்னும் இந்த ஒரு விஷயம் அவளுக்குப் பழகவில்லை. கிழங்கு முழுக்க, வேர் முழுக்க, இலை முழுக்க நோய் ஓடுகிறது. ஆனால் வளர்கிற அந்த நுனிக்குள் மட்டும் அதனால் நுழைய முடிவதில்லை. வீடே பற்றி எரியும்போதும் செடி தொட்டிலை மட்டும் நெருப்புக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு?

ஆய்வகப் பொறுப்பாளர் அன்று அந்த முடிவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"கோடு போட்ட பூவா? சில சமயம் அந்தக் கோடே வைரஸ் செய்யற வேலையா இருக்கும்மா. இதழ்ல சாயம் ஏறாம விட்ட இடம்தான் வெள்ளையா தெரியும். எல்லாப் பூவுக்கும் அப்படி இல்லை. இது எப்படின்னு பூத்தாத்தான் தெரியும்" என்றார்.

அடுத்து ஒரு வார்த்தை சொன்னார். "செதில் பாட்டிலையெல்லாம் வேக வெச்சிடு."

நோய் பிடித்த பாட்டிலைத் திறக்காமலே ஆட்டோகிளேவில் போட்டு வேகவைப்பது அங்கே வழக்கம். ஆள் உயரத்துக்கு ஒரு பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் போன எதுவும் உயிரோடு வெளியே வராது.

அன்று அவள் அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். 'கோடு போனாலும் போகும், என்ன செய்யட்டும்?' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோடு போகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஆட்டோகிளேவின் பொத்தானைத் தன் கையாலேயே அழுத்தினாள். பதிவேட்டில் கையெழுத்தும் போட்டாள்.

இப்போது மலைப்பு மெல்ல இறங்க, பயம் ஏறியது. கோட்டை இந்த உலகத்திலிருந்தே அழித்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. கணவருக்கு போன் போட்டாள்.

"என்னங்க, பூத்துடுச்சு."

"கோடு?"

"இல்லை."

"வரேன்" என்றார்.

கால் மணி நேரத்தில் கருவிப் பையோடு வந்து நின்றார். பூவைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார், மொட்டுகளை எண்ணினார். "யம்மா! என்னமா ஆளாகி நிக்குது!" என்றார். வந்த காரியம் அவருக்கே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. நினைவு வந்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

"அக்கா இன்னிக்கு நாலு மணிக்கு வருது" என்றார்.

"யார் சொன்னது அவங்களுக்கு?"

"நேத்து பேசும்போது... மொட்டுல சிவப்பு தெரியுதுன்னு வாய் தவறி வந்துடுச்சு."

"உங்க வாய்க்கும் ஒரு இரட்டைக் கதவு போட்டா நல்லது."

அவர் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. ரொம்ப மெல்லிசான தூரிகை ஒண்ணு கிடைச்சா..."

"எதுக்கு?"

"இல்லை, மாமாவோட தூரிகைப் பெட்டி அக்கா வீட்டு அலமாரியிலதான் இருக்கு. வெள்ளைச் சாயம் கொஞ்சம் தொட்டு..."

அவள் பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் அவர் தொண்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஆனாலும் மனிதர் விடவில்லை. "அப்போ மொட்டு உதிர்ந்துடுச்சுன்னு சொல்லிடலாம்."

"இன்னும் ஆறு இருக்கு. ஆறையும் உதிர்ப்பீங்களா?"

"வேணாம்" என்று அவசரமாகச் சொன்னார். பூவுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் அடி நகர்ந்துகூட நின்றார். "இதை ஒண்ணும் பண்ண வேணாம். பாவம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆசை அத்தோடு முடிந்தது. அவர் வேலைக்குப் போனார். மூன்றரைக்குத் திரும்பி வருவதாகச் சொன்னார்.

அன்று பகல் முழுக்க பாட்டில்காரி ஆய்வகத்துக்குள் மேசையில் உட்கார்ந்து வேறு கிழங்குகளின் செதில் நறுக்கினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சுத்தமான காற்று முகத்தில் வீசிக்கொண்டேயிருந்தது. கத்தியைத் தீயில் காட்ட வேண்டும், ஆறவிட வேண்டும், நறுக்க வேண்டும். ஆறவிட மறந்து நான்கு துண்டைக் கருக்கினாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

தேநீர் நேரத்தில் பாட்டில் கழுவுகிற பெண்மணி கையில் டம்ளரோடு குடிலுக்குப் போனாள். அரை மணி நேரம் ஆளைக் காணோம். தேடிப் போனால், மூன்றாவது மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது.

"இந்த பாட்டிலை நான்தானே கழுவி வெச்சேன்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா. நீங்கதான்."

அந்தப் பெண்மணி தன் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை பூவைப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு ஆய்வக வாசலில் ஒரு கார் மூன்று தடவை இருமி நின்றது. கூரையில் மஞ்சள் பலகை. ஓட்டி வந்தவர் கார் பழக வந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர். வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"கிளட்சை விட்டா கார் எப்படிங்க போகும்? இங்கேயே உக்காந்து யோசிங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு பிரேக் அக்கா இறங்கினார். மூன்று வருஷத்தில் அவர் இந்த வாசலுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"செருப்பு மாத்தணுமா? என்ன, ஆபரேஷன் தியேட்டரா?"

"பூச்சி வரக் கூடாதுக்கா" என்றார் தம்பி.

"நான் என்ன பூச்சியா?" என்றாலும் மாற்றிக்கொண்டார்.

உள்ளே வந்தவர் நேராக மூன்றாவது மேசைக்கு நடந்தார். மேசையில் இருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குனிந்து பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். அந்தப் பெரிய சிவப்புப் பூவை இரண்டு தடவை தோளால் விலக்கிக்கொண்டு போனார்.

"எங்கே?" என்றார்.

பாட்டில்காரி ஓர் அடி முன்னால் வந்தாள். "இதுதான் அக்கா."

"எது?"

"நீங்க இப்போ தள்ளிட்டுப் போனீங்களே, அது."

அக்கா சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பூவிடம் வந்து, அதன் முன்னால் நிமிர்ந்து நின்றார். அதுவும் அவருக்குச் சரிக்குச் சரியாக நின்றது.

"பாட்டிலை மாத்தி வெச்சுட்டியா?" என்று கேட்டார்.

தப்பிக்க ஒரு வாசல் தானாகத் திறந்தது. 'ஆமாம் அக்கா, பாட்டில்ல ஒட்டின சீட்டு மாறிப்போச்சு' என்று சொன்னால் அது ஒரு தவறு, அவ்வளவுதான். தவறு யாருக்கும் வரும். அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் கணவர் 'சொல்லு, சொல்லு' என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"மாத்தலை அக்கா. இது உங்க செடிதான். கோடுதான் போயிடுச்சு. போக்கினது நான்தான்."

சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. வைரஸ், சோதனை, பொறுப்பாளர் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா ஓரிடத்தில்கூட மிதித்து நிறுத்தவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அப்போ அந்தக் கோடு ஒரு நோய்."

"ஆமா அக்கா."

"வருஷாவருஷம் அது இளைச்சது அந்தக் கோட்டாலதான்."

"ஆமா."

"நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ரசிச்சோமே, அது காய்ச்சல்ல கிடந்ததையா?"

பாட்டில்காரி தலை குனிந்தாள்.

"கோடு போகும்னு உனக்குத் தெரியுமா?"

"போகலாம்னு தெரியும். போகாதுன்னு நினைச்சேன்."

"ஏன் என்னைக் கேக்கலை?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னுதான்."

"சொல்லியிருப்பேன்" என்றார். "கோடு இருந்த பாட்டிலெல்லாம் எங்கே?"

"வேக வெச்சுட்டேன் அக்கா. இருபத்திநாலையும்."

"இருபத்திமூணு" என்று ஒரு குரல் கேட்டது.

இரண்டு பெண்களும் திரும்பினார்கள். லிஃப்ட்காரர் கருவிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் லிஃப்ட் ஒரு மாடியில் வந்து நின்றேவிட்டது.

"அன்னிக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேனா? குக்கர் பக்கத்துல தட்டுல அடுக்கி வெச்சிருந்தே. மாமா ஞாபகம் வந்துடுச்சு. ஒண்ணை எடுத்துப் பையில போட்டுட்டேன்."

"பதிவேட்டுல இருபத்திநாலுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே!" என்று பாட்டில்காரி அலறினாள்.

"எண்ணாம போட்டே."

"டேய், அது எங்கேடா?" என்றார் அக்கா.

"ரெண்டு தெரு தள்ளி ஏழு மாடிக் கட்டடம் இருக்குல்ல, அதோட லிஃப்ட் மோட்டார் அறையில. உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்ல முடியலை. ஜன்னல் ஓரமா, ஒரு டப்பாவுக்குப் பின்னால வெச்சேன். போன வருஷத்துலேர்ந்து நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்லை."

"ரெண்டரை வருஷம்!" என்றாள் பாட்டில்காரி. "அதுல வெச்ச சத்து ஆறு மாசத்துக்குத்தான் வரும். செத்திருக்கும்."

"போய்ப் பாருடா" என்றார் அக்கா.

"பாருங்க. ஆனா இங்கே கொண்டு வரக் கூடாது" என்று அவள் குறுக்கே புகுந்தாள். பிரேக் அக்கா பேசும்போது குறுக்கே புகுந்தவர்கள் அதுவரை யாருமில்லை. "உயிரோட இருந்தா அது நோயோடதான் இருக்கும் அக்கா. மூடி போட்டிருக்கிற வரைக்கும் பயமில்லை. திறந்து நட்டுட்டா, இலைக்கடியில சாறு உறிஞ்சற அசுவினிப் பூச்சி ஒண்ணு போதும். அதைக் கடிச்சுட்டு வந்து இதைக் கடிச்சா, இதுவும் போச்சு. உங்க வீட்டுல அது இருந்தா இது இருக்க முடியாது."

தம்பி ஓட்டமும் நடையுமாகப் போனார். இரண்டாவது கதவு சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது.

குடிலுக்குள் இருவரும் பூவும் மட்டும் இருந்தார்கள். அக்கா ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். வீட்டில் தொட்டிக்கு முன்னால் உட்காருகிற மாதிரியேதான் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

மாலை வெயில் கூரை வலை வழியாக இறங்கி இதழ்மேல் விழுந்தபோது, கறுப்பாகத் தெரிந்த அடிப்பக்கம்கூடச் சிவப்பாகிவிட்டது. அக்காவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. எத்தனையோ பேரைச் சாலையில் அதட்டிய அந்த முகத்தை அப்படி ஒரு நிலையில் பாட்டில்காரி பார்த்ததே இல்லை.

"நீ வெட்டி வெச்சேன்னு சொன்னியே, அது எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார்.

அவள் சுண்டுவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டினாள். "இதுலேயும் ஒரு மூலைதான் அக்கா. பாதிக் கடுகு."

அக்கா அந்த நகத்தைப் பார்த்தார். தண்டின் அடியிலிருந்து உச்சி மொட்டுவரை கண்ணால் ஏறினார். திரும்ப நகத்துக்கு வந்தார்.

"அதுக்குள்ளேயா இவ்வளவும் இருந்துச்சு?"

"ஆமா அக்கா. எப்பவும் இருந்திருக்கு. உங்க தொட்டியிலேயும் இருந்திருக்கு. நோய் அதை வெளியே வர விடலை."

அக்கா கையை நீட்டி ஓர் இதழின் அடியில் விரலைக் கொடுத்தார். தாங்கிப் பிடித்தார் என்று சொல்ல வேண்டும்.

"வருஷக்கணக்கா அந்தத் தொட்டியில நான் பாத்ததெல்லாம் அவர் பாத்ததுதான்" என்றார். குரல் அவருடையதாக இல்லை. "அவர் போனதுக்கப்புறமும் நாங்க சேர்ந்து பாக்கறதாவே எனக்கு ஒரு நினைப்பு. இதை அவர் பாக்கலை. அவருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. நான் தனியா பாக்கறேன்."

அழுதார். மறைக்காமல், முகத்தைத் துடைக்காமல் அழுதார். பாட்டில்காரியும் அழுதாள். பக்கத்தில் போய் நிற்கலாமா, கூடாதா என்று தெரியாமல், தள்ளி நின்றபடியே அழுதாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், வரவில்லை. செய்தது தப்பு, இந்தப் பூ தப்பில்லை. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது?

அப்போது அவள் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள். ஏழாவது மாடி ஏறி வந்த மூச்சு முதலில் கேட்டது.

"இருக்கு" என்றார் கணவர். "பாட்டில் இருக்கு. உள்ளே கூழெல்லாம் காஞ்சு அடியில ஒட்டிக் கிடக்கு. அதுமேல மிளகு மாதிரி மூணு உருண்டை."

"நிறம்?" என்றாள் பாட்டில்காரி.

"ரெண்டு பழுப்பு. ஒண்ணு வெள்ளை. அந்த வெள்ளைக்கு மேல..." அவர் குரல் தாழ்ந்தது. "ஊசி மாதிரி பச்சையா ஒண்ணு நிக்குது."

"இருக்கவே முடியாது! அங்கே வெயிலா? சூடா?"

"சூடா இருந்தா லிஃப்ட் நின்னுடும். அதனால இந்த அறையில ராப்பகலா ஏசி ஓடும். ஜன்னல்ல வெளிச்சம் கொஞ்சூண்டு வரும், அவ்வளவுதான்."

பாட்டில்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். குளிர்ச்சி, மங்கல் வெளிச்சம், திறக்காத மூடி. கிழங்கை வருஷக்கணக்காகத் தூங்க வைக்க வேண்டுமானால் பெரிய பெரிய ஆய்வகங்களில் செய்வது இதைத்தான். ஒன்றும் தெரியாத மனிதர், பயந்துபோய் ஒளித்துவைத்த இடத்தில் அத்தனையும் சரியாக அமைந்திருக்கிறது. கூழ் தீர்ந்துபோய்ப் பட்டினி கிடந்தும் அந்தக் குட்டி சாகவில்லை. தன் கையால் கொன்றதாக நினைத்திருந்த உயிர்.

"மூடியைச் சுத்தின நாடா விட்டு வருது" என்றது போன். "திறந்து நல்லா பாக்கட்டுமா?"

அவள் வாய் பதில் சொல்லத் திறந்தது. உடனே மூடிக்கொண்டாள். போனை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க அக்கா."

அக்கா போனை வாங்கவில்லை. இதழுக்கு அடியில் கொடுத்த விரலையும் எடுக்கவில்லை. அங்கே பாட்டிலுக்குள் அவருடைய கணவர் ரசித்த கோடு, ஒரு பச்சை ஊசியாக நின்றுகொண்டிருக்கிறது. அதற்காகத்தானே மூன்று வருஷம் காத்திருந்தார்?

"திறக்காதே" என்றார். "இதுக்கு ஏதாவது ஆயிடும்."

"அப்போ இதை என்ன பண்றதுக்கா? ஆய்வகத்துல கொடுத்தா வேக வெச்சிடுவாங்க."

அக்கா எழுந்தார். பாட்டில்காரிக்கு எதிரே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் பழைய குரலாகத் திரும்பிவிட்டது.

"அது வேகக் கூடாது. இதுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வழி யோசி. யோசிச்சதை முதல்ல என்கிட்ட சொல்லு. நான் சரின்னு சொன்னதுக்கப்புறம் கத்தியை எடு."